இன்னும் கூப்பிடலையா?

அமுதா: முட்டையக் காணோம்?

கண்ணன்: தின்னுட்டேன்.

அமுதா: ஓடு எங்க?

கண்ணன்: அதையும் தின்னுட்டேன்.

அமுதா: மாமா...

கண்ணன்: இந்தா, கேமராவத் திருப்புறேன், பாத்துக்க. இது ஜீப்பு போனட்டு. போனட்டு மேல தூக்குவாளி. தூக்குவாளி மூடியில முட்ட ஓடு. போதுமா? கனடா கவர்மெண்டு இப்ப ஓட்டையும் பாத்துட்டுத்தேன் விசா குடுக்குதா?

அமுதா: கவர்மெண்டு கேக்கல. பொண்டாட்டி கேக்குறா. இட்லி?

கண்ணன்: அது ஆச்சு. நீ டூட்டி முடிஞ்சு வந்துட்டியா?

அமுதா: இப்பத்தேன் ஷூவக் கழட்டுனேன். இங்க பொழுது அடஞ்சு போச்சு. நீ என்ன இன்னும் அடிவாரத்துல முந்தல்லயே நிக்கிற? இந்நேரம் போடிமெட்டு ஏறியிருப்பியே?

கண்ணன்: ராத்திரி பேஞ்ச மழையில, மேல ஒரு வளைவுல பாறை உருண்டு நடு ரோட்டுல ஒக்காந்துக்கிருச்சு. செக்போஸ்ட்டுல கயத்தக் கட்டிட்டாய்ங்க. ஜேசிபி வந்து அள்ளுனாத்தேன் வண்டி.

அமுதா: ஜீப்புல ஆளு இருக்கா?

கண்ணன்: ஃபுல்லு லோடு. பூப்பாறைக்கு ஏலக்கா பறிக்கப் போற பொம்பளையாளுக. எறங்கி டீ குடிச்சுக்கிட்டு இருக்காக. அவுகளுக்குத்தேன் அவசரம். எனக்கென்ன, காத்துக் கெடக்குறது எனக்குப் புதுசா?

அமுதா: ஆரம்பிச்சுட்டியா...

கண்ணன்: நாஞ் சொல்லல புள்ள, ஊரு சொல்லுது. நேத்து சலூன்ல ஒக்காந்துருக்கேன். லிங்கேஸ்வரன் உள்ள வர்றான்.

அமுதா: யாரு, ராசிங்காபுரத்துக்காரனா?

கண்ணன்: அவந்தேன். நமக்குப் பின்னாடி கல்யாணம் முடிச்சவன். நமக்குப் பின்னாடிதேன் அவன் பொண்டாட்டியும் அங்கயிருந்து ஸ்பான்சர் எழுதிப் போட்டா. தை பொறந்ததும் பிளேன் ஏறப் போறானாம். 'என்னண்ணே, உங்கள இன்னும் கூப்பிடலையா'ங்கிறான். சலூன் கண்ணாடியில அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாய்ங்க.

அமுதா: நீ என்ன சொன்ன?

கண்ணன்: 'கூப்பிட்டா. நாந்தேன் முடி வெட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்'னேன்.

அமுதா: அய்யோ மாமா!

கண்ணன்: சிரி. நல்லா அங்கயிருந்து சிரி. அதோட விட்டாய்ங்களா? 'புருசன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவான், பாத்துருக்கோம். பொண்டாட்டி புருசனக் கூட்டிட்டுப் போறத உங்க ரெண்டு பேருகிட்டத்தேன்டா பாக்குறோம்'னு கத்திரியப் புடிச்சவனே பேசுறான். பாதி முடி வெட்டிக் கெடக்கு. எந்திரிச்சும் போக முடியல.

அமுதா: கோவம் வரலயா உனக்கு?

கண்ணன்: எதுக்கு? எங்கத்த மக... பொட்டிபுரத்துல இருந்து லீவுக்கு வந்தா, எங்க வீட்டு வாசல்ல நின்னு 'மாமா, ஜீப்புல ஒரு ரவுண்டு'ன்னு மூக்கு ஒழுக அழுவா. இப்ப நான் நிக்கிறேன், 'அமுதா, பிளேன்ல ஒரு ரவுண்டு'ன்னு.

அமுதா: எனக்கு மூக்கெல்லாம் ஒழுகல.

கண்ணன்: ஒழுகுச்சு. நாந்தேன் தொடச்சு விட்டேன்.

அமுதா: சரி... ஏன் இம்புட்டு லேட்டுன்னு கேட்டானா அவன்?

கண்ணன்: கேட்டான். அங்க ஆபீசுல ஆளு பத்தல, ஃபைலு மலையாட்டம் குமிஞ்சு கெடக்காம்னேன்.

அமுதா: ஆமா. இங்கயும் அப்படித்தேன் பேசிக்கிறாங்க.

கண்ணன்: பேசிக்கிறாங்கள்ல? அதேன். ஆளு பத்தல.

அமுதா: ஆளு பத்தல.

கண்ணன்: ம்...

பொன்னுமணி: யாருப்பு போன்ல, கனடாவா?

கண்ணன்: நீ போயி டீயக் குடியக்கா.

பொன்னுமணி: அது கெடக்கட்டும். கொண்டா இங்க போன. ஆத்தா, அமுதவள்ளி! நாந்தேன் பொன்னுமணி. உங்க வீட்டுக்கு எதுத்த வீடு. மூஞ்சி தெரியுதா?

அமுதா: மூக்குத்தி மட்டுந்தேன் தெரியுது. கொஞ்சம் தள்ளிப் புடிங்கக்கா. நல்லாருக்கீகளா?

பொன்னுமணி: எனக்கென்ன ஆத்தா. அட்டக்கடி, மழ, குளிரு, எல்லாம் கொறையில்லாம நடக்குது. இன்னைக்கு லேட்டாப் போனா அந்த சூப்பர்வைசர் சேட்டன் 'எந்தா பொன்னம்மே, ஒறங்கிப் போயோ'ம்பான். 'ஒங்க மலைதேன் ரோட்டுல ஒறங்குது'ன்னு சொல்லணும். சரி அத விடு. எந்தம்பிய எப்பத்தேன் கூப்பிடப் போற?

அமுதா: நானாக்கா வேணாங்கிறேன்?

பொன்னுமணி: எனக்குத் தெரியும் ஆத்தா. ஊருல சிலதுகளுக்குத் தெரியலயே. அன்னைக்குத் தண்ணிக் குழாயில ஒருத்தி, 'அங்க எவனாச்சும் வெள்ளக்காரனப் பாத்துருப்பா'ங்கிறா. கொடத்த எறக்கி வச்சுட்டுக் கேட்டேன். 'ஏண்டி, வெள்ளக்காரனப் பாத்தவ எதுக்குடி நெதம் விடியுமுன்ன போனப் போட்டு, நீ தின்னியா, என்ன தின்ன, எம்புட்டுத் தின்னன்னு இவன் உசுர வாங்குறா'ன்னு.

அமுதா: நல்லாக் கேட்டீக.

பொன்னுமணி: நீ உசுர வாங்குனதுலதேன் ஆளு பொழச்சான். இல்லாட்டி போன வருசம் இந்தப் பய இருந்த இருப்புக்கு... ராவெல்லாம் இருமி இருமி, எங்க வீட்டுக்கே கேக்கும்...

கண்ணன்: அக்கா!

பொன்னுமணி: என்னடா?

கண்ணன்: டீ ஆறுது.

பொன்னுமணி: ...ஆமா. ஆறித்தேன் போச்சு. அது ஒண்ணுமில்ல ஆத்தா, சளி. ஜீப்புல போற தூசி.

அமுதா: தூசிதேங்க்கா. அவருக்குச் சின்னதுல இருந்தே தூசி ஆகாது.

பொன்னுமணி: ஆகாதுல்ல? அதேன், அதேன். இந்தாப்பு போனு. நான் போயி அந்த டீயப் பாக்குறேன்.

கண்ணன்: போயிருச்சு... அது ஒரு ஓட்ட வாயி. எதையாவது ஒளறும்.

அமுதா: தூசிதேன மாமா?

கண்ணன்: தூசிதேன்.

அமுதா: சரி. கொஞ்சம் ஆளு இல்லாத பக்கமாப் போ.

கண்ணன்: ஏன்?

அமுதா: போயேன். எல்லாத்துக்கும் ஏன், ஏன்.

கண்ணன்: இரு... இந்தா, பாலத்துச் சுவத்துல ஒக்காந்துட்டேன். கீழ தண்ணி செக்கச் செவேர்னு போகுது. பாக்குறியா?

அமுதா: தண்ணி வேணாம். மூஞ்சியக் காட்டு... இன்னும் கொஞ்சம் கிட்ட. ம். மாமா, மெயில் வந்துருக்கு.

கண்ணன்: இன்னுமா பேப்பர் கேக்குறாய்ங்க? நம்ம கல்யாண போட்டோ மொத்தமும் அவுககிட்டத்தேன இருக்கு. பந்தியில சாப்புட்டவன் மூஞ்சிகூட அவுகளுக்குப் பாடமாயிருக்குமே.

அமுதா: பேப்பர் கேக்கல. பாஸ்போர்ட்டு கேக்குறாங்க. உன் பாஸ்போர்ட்ட அனுப்பச் சொல்லிட்டாங்க மாமா. விசா அடிக்க.

கண்ணன்: ...

அமுதா: மாமா, கட்டாயிருச்சா? கேக்குதா?

கண்ணன்: கேக்குது.

அமுதா: பின்ன என்ன? இதுக்குத்தேன இம்புட்டு நாளும் கெடந்தோம்? ஒரு விசிலாவது அடிக்கக் கூடாதா?

கண்ணன்: அடிக்கணும்தேன்... அமுதா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க வந்து எறங்குன பெறகு, பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்கலாம்னு வச்சுருந்தேன். இப்ப என்னமோ, சொல்லாம பாஸ்போர்ட்ட அனுப்புனா உன்னைய ஏமாத்திட்டு வர்ற மாதிரி இருக்கு.

அமுதா: சொல்லு.

கண்ணன்: லேட்டு ஆனது ஆபீசுனால இல்ல. என்னாலதேன்.

அமுதா: ம்.

கண்ணன்: போன வருசம் மெடிக்கலுக்குன்னு சென்னைக்குப் போனேன்ல. நெஞ்சப் படம் புடிச்சாங்க. படத்துல ஒரு பக்கம்... நிழலாட்டம் விழுந்துருந்துச்சு. சளிய எடுத்துச் சோதிச்சாங்க. டிபின்னுட்டாங்க. கேக்குறியா?

அமுதா: கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்.

கண்ணன்: விசா இல்லன்னு சொல்லல. மாத்திர போட்டு முழுசாக் குணமாகி, மறுபடி சோதிச்சு ஒண்ணுமில்லன்னு வந்தாத்தேன் ஃபைலத் தொடுவோம்னாங்க. போடி கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதேன் வைத்தியம் பாத்தேன். நல்லாப் பாத்தாங்க, கொற சொல்லக் கூடாது. இப்ப ஒண்ணும் இல்ல. சோதிச்சு எழுதியே குடுத்துட்டாங்க. பயப்படாத.

அமுதா: அப்ப ஜீப்ப யாரு ஓட்டுனா?

கண்ணன்: ஸ்டாண்டுல எங்கூட ஓட்டுற ராமரு. மொத ரெண்டு மாசம் என்னால வாசப்படி எறங்க முடியல. சுவத்தப் பாத்துப் படுத்தே கெடப்பேன். நீ கூப்பிடுற நேரம் மட்டும் எந்திரிச்சு, மூஞ்சியக் கழுவி, சட்டையப் போட்டு, வாசல்ல நிக்கிற ஜீப்புல ஏறி ஒக்காந்துக்குவேன். ஸ்டீரிங்கப் புடிச்சாப்புல. ராமரு வண்டிய எடுக்க வந்தவன், நான் பேசி முடிக்கிற மட்டும் தெரு மொக்குல போயி நிப்பான், பாவம். திட்டு. எதையாச்சும் சொல்லு.

அமுதா: ஏன் சொல்லல எங்கிட்ட?

கண்ணன்: சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?

அமுதா: வந்துருப்பேன்.

கண்ணன்: வேலைய விட்டுட்டு?

அமுதா: எல்லாத்தையும் விட்டுட்டு.

கண்ணன்: அதேன் சொல்லல. ஒத்தையாளாப் போயி, அந்தக் குளிருல படிச்சு, வயசானவங்களக் குளிப்பாட்டி விட்டு, அங்கயே இருக்கலாம்னு கார்டு வாங்குன. என் சளிக்காக அது போகணுமா? அதுவுமில்லாம... இன்னொண்ணும் இருக்கு.

அமுதா: என்ன?

கண்ணன்: நீ லீவுக்கு வந்துட்டுப் போன பெறகுதேன் இது தெரிஞ்சுச்சு. அந்த மாசம் முழுக்க ஒரே போர்வைக்குள்ள கெடந்தோம். ஆஸ்பத்திரியில கேட்ட மொதக் கேள்வியே, 'கூட யார் யார் இருந்தாங்க'ன்னுதேன். அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லிச் சோதிச்சாங்க. ஒண்ணுமில்ல. உன்னையப் பத்திச் சொல்லும்போது எனக்கு நாக்கே எழும்பல. உனக்கும் ஒட்டியிருந்தா... வெளிநாட்டுல, கூட ஆளில்லாம...

அமுதா: அதேன் என்னையச் செக்கப்புக்குப் போ, போன்னு தொரத்துனியாக்கும்.

கண்ணன்: வேற எப்படிச் சொல்றது? 'ஸ்பான்சர் பண்றவங்களும் நெஞ்சப் படம் எடுக்கணுமாம், ரத்தம் குடுக்கணுமாம், ரூல்ச மாத்திட்டாங்களாம்'னு அடிச்சு விட்டேன். நீயும் நம்பிப் போன. 'எல்லாம் நல்லாருக்கு மாமா'ன்னு நீ சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே பரமசிவன் கோயில் மலைக்குப் போனேன். பாதிப் படியில மூச்சு வாங்கிருச்சு. ஒக்காந்து ஒக்காந்து ஏறிட்டேன்.

அமுதா: மாமா... அப்படி ஒரு ரூல்சே கெடையாது.

கண்ணன்: என்னது?

அமுதா: அப்ளிகேசனப் போட்டதே நாந்தேன. எது ரூல்சு, எது ரூல்சு இல்லன்னு எனக்குத் தெரியாதா?

கண்ணன்: தெரிஞ்சுமா போன?

அமுதா: நீ சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டேன். உன் ஃபைலப் பத்தி எது வந்தாலும் என் மெயிலுக்குத்தேன மாமா வரும்? நீ சென்னைக்கும் போடிக்கும் அலஞ்ச அந்த வாரத்துலயே வந்துருச்சு. உனக்கு வைத்தியம் முடியணும், அது வரைக்கும் நிறுத்தி வச்சுருக்கோம்னு.

கண்ணன்: அடிப் பாதகத்தி! அப்ப, 'ஆளு பத்தல'?

அமுதா: நீ சொன்ன. நான் ஆமான்னேன்.

கண்ணன்: ஒரு வருசமாவா?

அமுதா: நீ மட்டும் ஒரு வாரமா சொன்ன?

கண்ணன்: எம்புட்டு நடிச்சேன் தெரியுமா! இருமல் வந்தா விக்கலு மாதிரி அமுக்கி, 'பொர ஏறிருச்சு'ன்னு சொல்லி...

அமுதா: நல்லாவே நடிக்கல. 'லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன்'ம்ப. உனக்குப் பின்னாடி அத்த கொடியில உன் கைலியக் காயப் போட்டுக்கிட்டு இருப்பாக.

கண்ணன்: அம்மாவும் ஒனக்குக் கூட்டா?

அமுதா: அத்தைக்கு நான் அறிஞ்சது தெரியாது. எங்கிட்ட 'அவனுக்கென்ன ஆத்தா, கல்லுக்குண்டாட்டம் இருக்கான்'னு சொல்லிட்டு, போன அணைக்காம கீழ வச்சுட்டு அழுவாக. நான் இங்கயிருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்.

கண்ணன்: ஒரு நாளு உங்கிட்ட, 'வேணாம் அமுதா, எல்லாத்தையும் ரத்து பண்ணிரு, நீ உன் வழியப் பாரு'ன்னு சொன்னேனே...

அமுதா: ஞாபகம் இருக்கு.

கண்ணன்: பதிலே பேசாம போன வச்சுட்ட. கோவிச்சுக்கிட்டன்னு நெனச்சேன்.

அமுதா: கோவமெல்லாம் இல்ல. பயந்துட்டேன். ஒடனே அத்தைக்குப் போட்டு, 'மாமாவுக்கு மனசு சரியில்ல, இன்னைக்கு அவரு பக்கத்துலயே படுங்க'ன்னேன். ஏன் எதுக்குன்னு அவுகளும் கேக்கல, நானும் சொல்லல.

கண்ணன்: அதேன் அன்னைக்குப் பாயக் கொண்டாந்து என் காலடியில போட்டுச்சா... நான் திட்டுனேன் புள்ள அத.

அமுதா: போயி ஒரு நல்ல சேல எடுத்துக் குடு.

கண்ணன்: குடுக்குறேன்... இப்பத்தேன் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டைய எறக்குனாப்புல இருக்கு. இன்னொரு கூத்தச் சொல்றேன் கேளு. மொத மாத்திர போட்ட அன்னைக்கு ஒண்ணுக்குப் போறேன், ஆரஞ்சுக் கலருல போகுது! ரத்தந்தேன் போகுது, கத முடிஞ்சுச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன். அங்க இருக்க அன்னக்கொடி நர்சம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாக. 'மாத்திர கலருப்பா, ரெண்டு நாள்ல பழகிரும்'னு.

அமுதா: அய்யோ, எனக்கும் அதே பயந்தேன்...

கண்ணன்: ...என்ன சொன்ன?

அமுதா: இல்ல... பாத்துருந்தா எனக்கும் பயமாத்தேன் இருந்துருக்கும்னேன்.

கண்ணன்: அப்படிச் சொல்லல நீ.

அமுதா: அப்படித்தேன் சொன்னேன்.

பொன்னுமணி: அப்பு! கயத்த அவுத்துட்டாய்ங்க! வெரசா வா, பின்னாடி வண்டியெல்லாம் ஆரன் அடிக்கிறான்.

கண்ணன்: எல்லாரையும் ஏறச் சொல்லுக்கா. வர்றேன்.

பொன்னுமணி: என்னடா, கண்ணெல்லாம் கலங்கிப் போயி நிக்கிற? என்ன சொன்னா அவ?

கண்ணன்: பாஸ்போர்ட்டு கேட்டுட்டாங்களாம்க்கா. விசா வருதாம்.

பொன்னுமணி: ஆத்தாடி! ஏய், கேட்டீகளாடி, எந்தம்பிக்கு விசா வந்துருச்சாம்டி! ஏறி ஒக்காந்துட்டு ஒரு கொலவ போடுங்கடி, அந்த மல உச்சி வரைக்கும் கேக்கட்டும்!

அமுதா: கொலவச் சத்தம் இங்க கேக்குது மாமா.

கண்ணன்: கேக்கட்டும். அமுதா, மொத வளைவு ஏறுனதும் சிக்னல் போயிரும். அதுக்குள்ள சொல்லு.

அமுதா: என்னத்தச் சொல்ல? பூப்பாறை போயிக் கூப்பிடு. அங்க டவர் கெடைக்கும்ல.

கண்ணன்: சாவியத் திருக மாட்டேன். பின்னாடி இருக்கவன் ஆரன் அடிச்சே சாகட்டும். அந்தச் செக்கப்பு... எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னியே. நெசமாவே நல்லாருந்துச்சா?

அமுதா: ...நோயின்னு ஒண்ணும் வரல மாமா. கிருமி மட்டும் உள்ள தூங்கிக்கிட்டு இருக்குன்னாங்க. உங்கிட்ட இருந்து வந்துச்சோ, இங்க நான் பாத்துக்கிற வயசானவங்ககிட்ட இருந்து வந்துச்சோ, டாக்டருக்கே தெரியல. அது முழிச்சுக்கிறாம இருக்க அதே ஆரஞ்சு மாத்திரதேன் குடுத்தாங்க. உங்கிட்டச் சொன்னா, இவளுக்கும் ஒட்ட விட்டுட்டோமேன்னு மருகி நீ உன் மாத்திரையவே தூக்கி எறிஞ்சுருவ. அதேன் சொல்லல. இப்ப எனக்கும் ஒண்ணுமில்ல, சோதிச்சுட்டாங்க. அழுவாத, சாவியத் திருகு, அக்காமாரெல்லாம் பாக்குறாக... நெதம் நான் கூப்பிட்டதும், 'இரு அமுதா, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்'னு போன வச்சுட்டுப் போவல்ல? நீ மாத்திர போடுற அந்த நேரத்துலதேன் நானும் இங்க என் மாத்திரையப் போட்டுக்குவேன். எனக்கு மாத்திர உனக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. அதுக்கப்பறமும் நீ எந்திரிச்சுப் போறப்பல்லாம் வெறுந்தண்ணிய ஒரு டம்ளர் ஊத்தி, உங்கூடவேதேன் குடிச்சுக்கிட்டு இருந்தேன்.